மலை வலப்பக்கம், மேப் நடுப்பக்கம்!

பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி வழி பார்ப்பது பற்றித் திருவண்ணாமலையிலிருந்தும், திருவண்ணாமலைக்கு வருகிற சாலைகளிலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் விடுமுறை. கேட்டவர்களில் பலர் "பேரைப் போட்டுடாதீங்க, வீட்ல படிப்பாங்க" என்று அடியில் குறித்திருக்கிறார்கள். ஆகவே எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கே: கிரிவலம் போக மேப் வேண்டுமா? (செஞ்சி)

ப: பாதை சுமார் 14 கிலோமீட்டர். அத்தனை தூரமும் மலை உங்கள் வலப்பக்கம் இருந்தால் வழி சரி. இடப்பக்கம் தெரிந்தால் திரும்பி நடங்கள். இந்த ஏற்பாட்டுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை, சிக்னலும் போகாது.

கே: ஹேண்டில்பாரில் போன் மாட்டியிருந்தால் போலீஸ் பிடிக்குமா? பிடிக்கும் என்கிறான் அண்ணன். பிடிக்காது என்கிறான் தம்பி. (போளூர்)

ப: அண்ணன் பழைய சட்டம் படித்தவர், தம்பி பாதிச் சட்டம் படித்தவர். மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவது 'ஆபத்தாக ஓட்டுதல்' என்ற கணக்கில் வருகிறது. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடியும் மாட்டினால் அபராதம் 10,000. சிறை இரண்டு வருடம் வரை போகலாம்.

அதன் பிறகு மத்திய அரசு விதியைத் திருத்தி, 2020 அக்டோபர் 1 முதல் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவிட்டது. வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் கலையாத விதத்தில். 'மட்டும்' என்ற இடத்தில்தான் உங்கள் தம்பி படிப்பதை நிறுத்திவிட்டார். ஹோல்டரில் மேப் ஓடினால் நீங்கள் பயணி. அதே ஹோல்டரில் ஐ.பி.எல். ஓடினால் நீங்கள் குற்றவாளி, சென்னை ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி. வீடியோ காலில் வருவது மாமனாராக இருந்தாலும் சட்டத்தில் விலக்கு கிடையாது. ஓரமாக நிறுத்திவிட்டு மரியாதையாகப் பேசுங்கள்.

கே: பின்னால் உட்கார்ந்து நான் வழி சொன்னால் என் கணவர் காதில் ஏறுவதில்லை. போனில் பேசுகிற பெண் சொன்னால் உடனே திரும்புகிறார். இது என்ன நியாயம்? (ஆரணி)

ப: தப்பான தெருவில் நுழைந்துவிட்டால், "அப்பவே சொன்னேன்ல" என்று அந்தப் பெண் சொல்வதில்லை. பேசாமல் புது வழி போட்டுக்கொடுக்கிறாள். அவளுடைய ஒரே சாமர்த்தியம் அதுதான்.

மற்றதெல்லாம் உங்கள் பக்கம். அவளுக்குப் பள்ளம் தெரியாது. குறுக்கே படுத்திருக்கும் மாடு தெரியாது. பெயர்ப்பலகை போடாத வேகத்தடை தெரியாது. உங்களுக்குத் தெரியும். கார் ராலி ஓட்டுகிறவர்கள் பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, "அடுத்து இடது, அதற்கடுத்து மேடு" என்று படிக்கச் சொல்கிறார்கள். அந்த வேலைக்கு விருதும் உண்டு, சம்பளமும் உண்டு. போனை ஹோல்டரிலிருந்து கழற்றி நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பம் வருவதற்கு 200 மீட்டர் முன்னால் தோளில் ஒரு தட்டு. தட்டின் வேகம் உங்கள் விருப்பம்.

கே: புல்லட்டில் போனை மாட்டினால் கேமரா கெட்டுவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார். வியாபாரத் தந்திரமா? (திருவண்ணாமலை)

ப: அவர் விற்க நினைத்தது என்ன என்று எனக்குத் தெரியாது. சொன்னது உண்மை. ஆப்பிள் நிறுவனம் தன் போன்களைப் பற்றித் தானே 2021 செப்டம்பரில் இதை எழுதி வெளியிட்டது. சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களிலிருந்து ஹேண்டில்பார் வழியாக வரும் அதிர்வு கேமராவின் திறனைக் குறைக்கக்கூடும், எனவே அப்படி மாட்ட வேண்டாம் என்றது. ஸ்கூட்டர், மொபெட் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டி, அதிர்வை உறிஞ்சும் ஹோல்டர் போட்டுக்கொள்ளச் சொன்னது.

காரணம் எளிது. உங்கள் கை நடுங்கினாலும் படம் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக, நல்ல போன்களில் லென்ஸே நகரும்படி வைத்திருக்கிறார்கள். கைரோஸ்கோப் நடுக்கத்தை உணர்ந்து சொல்லும். காந்தம் லென்ஸை எதிர்த்திசையில் தள்ளும். இது மனிதக் கை நடுக்கத்துக்குச் செய்த ஏற்பாடு. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 50 தடவை உலுக்குகிறது. சென்னையிலிருந்து திருவண்ணாமலை வரை அந்த உலுக்கலை வாங்கினால், ராஜகோபுரத்தின் 217 அடியையும் ஒரே படத்தில் எடுக்கலாம் என்று போனை நிமிர்த்தும்போது கோபுரம் தளும்பும்.

எல்லா போனுக்கும் இந்த ஆபத்து ஒரே அளவு இல்லை. லென்ஸ் நகராத விலை குறைந்த போன்கள் பிழைத்துக்கொள்ளும். அதனால் எனக்குத் தெரிந்த நல்ல யோசனை, வீட்டு அலமாரியில் தூங்குகிற பழைய போனைத் தட்டி எழுப்புவது. மேப்பை அதில் இறக்கி ஹோல்டரில் மாட்டுங்கள். புதுசு சட்டைப்பையில் சுகமாக வரட்டும். புதுசைத்தான் மாட்டுவேன், எல்லாரும் பார்க்க வேண்டுமே என்றால், ரப்பர் குஷன் வைத்த ஹோல்டருக்கு இன்னும் கொஞ்சம் செலவு செய்யுங்கள்.

கே: வெயிலில் போன் தானாக அணைந்துவிடுகிறது. என்ன செய்ய? (வேட்டவலம்)

ப: பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்கு உரிய ஊர் திருவண்ணாமலை. அங்கே போய்த் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, மேப்பை ஓடவிட்டு, கூடவே சார்ஜும் ஏற்றினால் போன் சரணாகதி அடையத்தான் செய்யும். 35 டிகிரி வரைதான் ஐபோனைப் பயன்படுத்தச் சொல்கிறது அதைச் செய்த கம்பெனி. மே மாதம் நம் ஊரில் அந்த அளவு முற்பகலிலேயே வந்துவிடும்.

பிளாஸ்டிக் ஜிப் உறையில் போட்டு மூடுவதை விடுங்கள். உள்ளே காற்றோட்டம் இல்லாமல் சூடு இன்னும் ஏறும். திறந்த ஹோல்டர் என்றால் எதிர்காற்றாவது படும். வயர்லெஸ் சார்ஜிங் தனியாக ஒரு சூடு, கேபிளே போதும். டீக்கடையில் நிறுத்தும்போது போனையும் நிழலுக்குக் கொண்டுபோங்கள். எல்லாவற்றையும்விட எளிய வழி திரையை அணைத்துவிட்டு குரலை மட்டும் கேட்பது. தமிழிலேயே சொல்கிறது. உச்சரிப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள், வழி முக்கியம்.

கே: குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடுமா? (செங்கம்)

ப: மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டீ சாப்பிடப் போனால், போனைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஹோல்டரில் 'குயிக் ரிலீஸ்' பட்டன் வைத்தது உங்களுக்காக மட்டும் இல்லை.

கே: மேப்பை நம்பி மோசம் போவது இந்தக் காலத்து வியாதிதானே? நம் தாத்தாக்கள் இப்படியா அலைந்தார்கள்? (திருக்கோவிலூர்)

ப: உங்கள் ஊருக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது ஐயா. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், திருவண்ணாமலைக்குப் போக வேண்டும் என்று வீட்டை விட்டுக் கிளம்பினான். அண்ணனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்காக வந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டான். வழி தெரிந்துகொள்ள வீட்டில் இருந்த பழைய அட்லஸைப் புரட்டினான். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று அதில் பட்டது. இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினான்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குத் தண்டவாளம் போட்டாகிவிட்டது. அட்லஸுக்கு அது தெரியாது. பழைய பதிப்பு. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைத்தாடி மௌல்வி ஒருவர், பையன் போகிற ஊரைக் கேட்டுவிட்டு, "திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது, விழுப்புரத்தில் மாறிக்கொள்" என்று திருத்தினார். விழுப்புரத்தில் இறங்கியவனிடம் மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் தாங்கியது. அங்கிருந்து நடந்து அரகண்டநல்லூர், ஆற்றைத் தாண்டி உங்கள் கீழையூர். காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கி, செப்டம்பர் 1-ஆம் தேதி காலை திருவண்ணாமலையில் இறங்கினான். உலகம் அவரைப் பின்னால் ரமண மகரிஷி என்று அறிந்தது.

ஆக, அப்டேட் ஆகாத மேப் அன்றும் இருந்தது. அப்டேட் செய்ய ஒரு சக பயணி இருந்தார். இப்போது ஹெல்மெட்டுக்குள் காதையும் அடைத்துக்கொண்டு போகிறோம், எந்த மௌல்வி வந்து சொல்ல முடியும்?

இன்றைய கதைகள் அத்தனை மங்களமாக முடிவதில்லை. 2024 ஜனவரியில் ஊட்டியிலிருந்து கர்நாடகத்துக்குத் திரும்பிய ஒரு கார், மேப் காட்டிய குறுக்கு வழியை நம்பிக் கூடலூரில் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதே வருடம் நவம்பரில் உத்தரப் பிரதேசத்து பரேலி பக்கம், வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்தில் இரவில் ஏறிய கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த சில நாளில் நம் மாவட்டத்திலேயே நடந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்துவிட்ட வெள்ளம், அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே தென்பெண்ணை மேல் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலத்தை அடித்துக்கொண்டு போனது. திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பாலம் இருக்கிறது என்று மேப்புக்கு ஒருவர் சொல்ல வேண்டும், இல்லை என்றும் ஒருவர் சொல்ல வேண்டும். நடுவில் கிடைக்கிற இரவில் நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கலாம். மழைக்காலத்தில் ஆற்றைத் தாண்டுகிற வழி என்றால், முன்னால் உள்ள கடைசி டீக்கடையில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கே: நான் எங்கே இருக்கிறேன் என்று போன் இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிடுகிறதே! (விழுப்புரம்)

ப: ரமணாசிரமத்து வாசலில் நின்று பார்த்தாலும் அது மட்டும்தான் சொல்லும். 'நான் யார்' என்பதற்கு உள்ளே போக வேண்டும், போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு.

கே: ஜவ்வாது மலையில் சிக்னல் போனதும் மேப்பும் போய்விடுமா? (ஜமுனாமரத்தூர்)

ப: இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் இடத்தைச் சொல்வது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள். அதற்கு ரீசார்ஜ் கிடையாது, டவரும் வேண்டாம். டவர் வேண்டியது வரைபடத்தை இறக்குவதற்கு. ஆகவே போளூரிலேயே அந்தப் பகுதியை 'ஆஃப்லைன் மேப்' ஆக இறக்கிக்கொண்டு ஏறினால், மலையில் டவர் இல்லாத மடிப்பிலும் நீலப்புள்ளி நகரும். வழியில் நெரிசல் இருக்கிறதா என்று மட்டும் சொல்லாது. ஜவ்வாது மலையில் நெரிசல் என்றால் எதிரே ஆட்டு மந்தை வருகிறது என்று அர்த்தம், அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கே: கோயில் என்று போட்டேன். மேப் என்னை எங்கோ ஒரு சந்தில் கொண்டுபோய் நிறுத்தி "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. எதிரே மதில் சுவர். (பெங்களூரு)

ப: வந்து சேர்ந்தது உண்மைதான், சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாமலையார் இருக்கிறார். கோயில் வளாகம் சுமார் 25 ஏக்கர். மேப்புக்கு அது ஒரு புள்ளி. புள்ளிக்குக் கிட்டே எந்தச் சாலை இருக்கிறதோ அங்கே கொண்டுவந்து விடும். கோயில் பெயரைப் போடாதீர்கள், வாசல் பெயரைப் போடுங்கள். கிழக்கே ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். கடைசியில் சொன்னதை ஒரு பெண் துறவி வீடு வீடாகக் காசு திரட்டி எழுப்பினார் என்பது ஊர் வரலாறு. கியூ.ஆர். கோடு இல்லாத காலத்தில்.

கே: நானும் 'திருவண்ணாமலை' என்று தட்டிவிட்டு நம்பிப் போனேன். அரைமணி நேரத்தில் ஊர் வந்துவிட்டது. பார்த்தால் பெருமாள் நிற்கிறார்! (சிவகாசி)

ப: ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு. சீனிவாசப் பெருமாள், 'தென்திருப்பதி' என்று பெயர். சிவகாசியிலிருந்து தேடினால் மேப் பக்கத்தில் இருப்பதைத்தானே காட்டும்? கிளம்புவதற்கு முன் கிலோமீட்டரைப் பாருங்கள். அண்ணாமலையார் அரைமணி தூரத்துக்கு வந்திருக்க மாட்டார். பெருமாளைச் சேவித்துவிட்டீர்கள் அல்லவா, நஷ்டமில்லை.

கே: ஓட்டிக்கொண்டே எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கலாம்? (கீழ்பென்னாத்தூர்)

ப: கணக்குப் போடுவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் போகிறது. இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 28 மீட்டர். இரண்டு அரசுப் பேருந்தை வரிசையாக நிறுத்தினால் அதைவிடக் குறைவுதான். அவ்வளவு தூரத்தைச் சாலையைப் பார்க்காமல் கடந்திருக்கிறீர்கள். கார்க்காரருக்கு நாலு சக்கரம், இரும்புக் கூடு. உங்களுக்கு இரண்டு சக்கரமும் அண்ணாமலையாரும்.

ஆகவே ஒரு நொடிக்கு மேல் வேண்டாம். ஒரு நொடியில் புரியாதது இன்னொரு நொடியிலும் புரியாது, நிறுத்திப் பாருங்கள். ஹோல்டரைக் கீழே டேங்க் பக்கம் மாட்டாதீர்கள். ஹேண்டில்பார் நடுவில், ஸ்பீடோமீட்டரை மறைக்காமல், எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே. கண் சாலையிலிருந்து கொஞ்சம்தான் இறங்க வேண்டும். ஹேண்டிலை முழுசாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், கிளட்ச் கேபிளிலோ டேங்கிலோ இடிக்கக் கூடாது. போகிற இடத்தைக் கிளம்பும் முன்பே தட்டிவிடுங்கள். ஓடுகிற வண்டியில் 'ஆதி அண்ணாமலை' என்று தட்டச்சு செய்ய முயல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 'ஆதி' வருவதற்குள் சாலை முடிந்துவிடுகிறது.

ராத்திரி என்றால் திரையை இருட்டு நிறத்துக்கு மாற்றி வெளிச்சத்தைக் குறையுங்கள். பளிச்சென்ற திரையைப் பார்த்த கண்ணுக்கு, பக்கத்தில் கறுப்புக் கம்பளி போர்த்தி நடந்துவருகிறவர் தெரிய மாட்டார்.

கே: கூலிங் கிளாஸ் போட்டால் திரை கறுப்பாகிவிடுகிறதே? (கலசபாக்கம்)

ப: போலரைஸ்டு கண்ணாடியாக இருக்கும். போனைக் குறுக்கே திருப்பி மாட்டிப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள்.

கே: நான் உணவு டெலிவரி செய்கிறேன். மேப் பார்க்காதே என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். பார்க்காமல் எப்படி வேலை செய்வது? (திருவண்ணாமலை)

ப: தம்பி, உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி, சாப்பாடு பத்து நிமிடம் தாமதமானதற்கு ஒற்றை ஸ்டார் போடுகிற யாருக்கும் கிடையாது. போன் உனக்கு அலங்காரம் இல்லை, அதுதான் முதலாளி. ஆர்டர் வருவதும் அதில், வழி வருவதும் அதில், திட்டு வருவதும் அதில். நாள் முழுக்கத் திரையை எரியவிடும் வேலை என்பதால் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது வயரிங். ஹெட்லைட் வயரை உரித்துச் சார்ஜரை முறுக்கிக்கொடுக்கிற மெக்கானிக்கிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடு. பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வைத்து, சாவியை அணைத்தால் சார்ஜரும் அணைகிற மாதிரிச் செய்யச் சொல். இல்லையென்றால் காலையில் செல்ஃப் எடுக்காது. மழை ஒழுகும் இடத்தில் சாக்கெட்டுக்கு மூடி வேண்டும்.

இரண்டாவது, கஸ்டமரின் சாட் செய்தி. "பச்சை கேட், மாடி வீடு" என்று ஓடுகிற வண்டியில் படிக்காதே. தெருமுனையில் நின்று படி. அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கம்பெனிகள் கணக்குப் போட வேண்டும் என்பது என் கட்சி. கடிகாரத்தை வேகமாக ஓடவிட்டுக்கொண்டே 'பாதுகாப்பாக ஓட்டுங்கள்' என்று குறுஞ்செய்தி அனுப்புவதில் அர்த்தமில்லை. மழைத்துளி விழுந்தால் திரை தானாகவே எதையாவது அழுத்தும், தெரியும்தானே? ஆர்டர் கேன்சல் ஆனது அதனால்தான் என்று சொன்னால் அங்கே யார் நம்புகிறார்கள்!

கே: ஹோல்டர் வேண்டாம், வண்டியிலேயே மேப் வருகிற பைக் வாங்கலாமா? (ஓசூர்)

ப: உங்கள் ஊரிலேயே செய்கிறார்களே! டி.வி.எஸ். என்டார்க் 2018-லேயே ப்ளூடூத் வழியாக மீட்டரில் திருப்பக் குறி காட்டியது. ஏத்தர் ஸ்கூட்டரில் தொடுதிரையே வந்தது. ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியார் 350-க்கு 'ட்ரிப்பர்' என்று ஒரு சின்ன வட்டத்தைக் கொடுத்தது. அதில் அம்புக்குறியும் தூரமும் மட்டும் தெரியும். 2023-இல் வந்த ஹிமாலயன் 450-இல் வட்டத் திரையில் முழு வரைபடமே வந்துவிட்டது.

என் ஓட்டு அந்தப் பழைய அம்புக்குறிக்கு. "இடது, 300 மீட்டர்." அவ்வளவு போதும். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பச்சையும் நீலமுமாகத் தெரிகிற திரை அழகுதான், ஆனால் அழகான பொருளைப் பார்க்கத் தோன்றும். பார்க்க வேண்டாத பொருள்தான் ஹேண்டில்பாருக்கு ஏற்றது. பாலைவன ராலியில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் பல வருடம் ஹேண்டில்பாரில் ஒரு காகிதச் சுருளைத்தான் வைத்திருந்தார்கள். தூரம், அம்புக்குறி, அபாயக் குறி. வண்ணப் படம் கிடையாது.

கே: பைக் மோடில் போட்டால் ஏரிக்கரை, களத்துமேடு என்று இழுத்துக்கொண்டு போகிறதே? (சேத்துப்பட்டு)

ப: 2017 டிசம்பரில் கூகுள் இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழி காட்டும் வசதியை முதலில் கொண்டுவந்தது நம் நாட்டில்தான். கார் நுழையாத சந்திலும் நாம் நுழைவோம் என்று யாரோ சரியாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நகரத்தில் அது வரப்பிரசாதம். வந்தவாசி, சேத்துப்பட்டு, அவலூர்பேட்டைப் பக்கம் அறுவடைக் காலத்தில் அதே குறுக்கு வழியில் நிலக்கடலை காயும், கேழ்வரகுத் தாள் பரப்பிக் கிடக்கும். நாலு நிமிடம் மிச்சம் என்று மேப் சொல்லும். தாளில் சக்கரம் வழுக்கினால் நாலு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். கடலைக்காரம்மா சொல்வதை எழுத இங்கே இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. முதல் தடவை போகிற ஊருக்குப் பெரிய சாலையிலேயே போங்கள்.

கே: போன் செத்துவிட்டால்? (அவலூர்பேட்டை)

ப: மைல்கல் இன்னும் சாகவில்லை. தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. நம்மூர்க் கல்லில் ஊர் பெயரும் தூரமும் தமிழிலேயே இருக்கும். வெயிலில் அணைந்ததாக இதுவரை தகவல் இல்லை. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் உபரிச் செய்தி. ஜி.எஸ்.டி. சாலையில் பரங்கிமலையைத் தாண்டுகிறீர்களே, இந்தியாவையே அளந்து வரைபடமாக்கிய அந்தப் பெரிய அளவைப் பணி 1802-இல் அங்கேதான் தொடங்கியது. லாம்டன் என்கிற அதிகாரி சங்கிலி போட்டு அளந்தார். அடுத்த தடவை அங்கே சிக்னலில் நிற்கும்போது ஹோல்டரிலிருக்கும் மேப்பைத் தாத்தாவுக்கு ஒரு கும்பிடு போடச் சொல்லுங்கள்.

கே: கார்த்திகை தீபத்துக்கு பைக்கில் வருகிறோம். மேப்பை நம்பி வரலாமா? (வேலூர்)

ப: ஊர் எல்லை வரை நம்புங்கள். அதற்கப்புறம் காக்கிச்சட்டையை நம்புங்கள். தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ஊருக்கு வெளியிலேயே தற்காலிகப் பேருந்து நிலையங்களும் வாகன நிறுத்தங்களும் போட்டுவிடுவார்கள். கிரிவலப் பாதை நடக்கிறவர்களுக்கு. மேப் பாட்டுக்கு "நேராகச் செல்லவும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். நேரே தடுப்புக் கட்டை நிற்கும். "மேப்ல வழி இருக்கே சார்" என்று போலீஸ்காரரிடம் போனைக் காட்டாதீர்கள். காலையிலிருந்து அவர் பார்த்த ஆயிரமாவது போன் அது.

மலைமேல் ஒற்றையடிப் பாதை மேப்பில் தெரிகிறது என்று ஏறவும் நினைக்காதீர்கள். 2024 டிசம்பர் 1 அன்று அந்த மலையிலிருந்து மண் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்தார்கள். அந்த வருட தீபத்துக்கு பக்தர்களை மலையேற விடவில்லை.

வண்டியை நிறுத்தியதும் அந்த இடத்தை மேப்பில் குறித்து வையுங்கள். வரிசையாக நிற்கிற கறுப்பு பைக்குகளில் உங்களுடையதை ராத்திரி கண்டுபிடிக்க அது ஒன்றுதான் துணை. குடும்பத்தோடு வந்தால் பிரிந்துபோனால் எங்கே சேர்வது என்று வாயால் பேசி முடிவு செய்யுங்கள். லட்சக்கணக்கானவர்கள் கூடுகிற இடத்தில் நெட்வொர்க் திணறும், லொகேஷன் அனுப்பினால் மறுநாள் போய்ச் சேரும். போனை ஹோல்டரிலிருந்து கழற்றிப் பையில் போடுங்கள். மாலை 6 மணிக்கு மேலே தீபம் ஏற்றும்போது அதை எடுத்துத் தலைக்கு மேல் தூக்காதீர்கள், பின்னால் நிற்கிறவரும் வேலூரிலிருந்து வந்திருக்கலாம்.